கொல்லு, கட்டு, விடு

கத்தியக்கா என்று சொன்னால்தான் அந்த இறைச்சித் தொழிற்சாலையில் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் சும்மா கிடந்தது. வெட்டு வரிசையில் அவள் மூன்றாவது ஆள். தலைக்கு மேல் ஓடும் சங்கிலியில், கொக்கியில் மாட்டித் தலைகீழாக மாடு வரும். அவள் முன்தொடையைத் தூக்கிப் பிடித்து, மூட்டுக்குள் கத்தியை விட்டு ஒரு திருப்புத் திருப்புவாள். கால் தனியாகக் கையோடு வந்துவிடும். முழங்கை வரை ரத்தம், பூட்ஸுக்குள் ரத்தம், காது மடலில்கூட ஒரு சொட்டு ரத்தம். அந்தக் கோலத்திலேயே பக்கத்து ஆளிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டு நிற்பாள். கத்தி கொஞ்சம் மழுங்குகிறது என்று தெரிந்தால், இடுப்பில் தொங்கும் சாணைக் கம்பியை உருவி இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வாள். முழங்கை நீளத்துக்குக் கனத்த இரும்புக் கம்பி. வெட்டு வரிசையில் நிற்கும் எல்லார் இடுப்பிலும் ஒன்று உண்டு.

நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஒன்று நடந்தது, நிற்கவில்லை. "உன் தம்பியா, நானா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று புருஷன்காரன் வாசலில் நின்றுகொண்டு கேட்டான். பதிலுக்காக அவன் ரொம்ப நேரம் நிற்க வேண்டி வரவில்லை. வாழ்க்கையில் நீ உருப்படியாகச் செய்த வேலை என்ன என்று யாராவது அவளைக் கேட்டிருந்தால், மாடு வெட்டுவதைச் சொல்லியிருக்க மாட்டாள். தம்பியின் ஓங்கிய கையைக் கீழே இறக்க வைத்ததைத்தான் சொல்லியிருப்பாள்.

அந்தக் கை அப்பா கொடுத்த சொத்து. அப்பா லாரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். குடித்த அன்றைக்கு பெல்ட், குடிக்காத அன்றைக்கு வெறுங்கை. அம்மா உயிர் பிழைத்தால் போதும் என்று எப்போதோ ஓடிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பெல்ட் எந்தப் பக்கம் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு வளர்ந்தார்கள். யாரோ வீடு காலி செய்தபோது தூக்கிப் போட்ட பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை அப்பா ஒருநாள் கொண்டுவந்து அந்த அறைக்குள் எறிந்தார். பாசத்தில் இல்லை, பிள்ளைகள் சத்தம் போடாமல் கிடக்கட்டும் என்றுதான். பெட்டிக்குள் ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது. சாம்பல் கோட்டை, இரண்டாம் பாகம்.

ராட்சதர்களும் மந்திரவாதிகளும் பிணந்தின்னிகளும் நிறைந்த ஒரு நாடு. நீங்கள் ஒரு வாளோடு உள்ளே போகிறீர்கள். போனவுடன் வெட்டிவிட முடியாது. எங்கே வெட்டுவது என்று பார்க்க வேண்டும். மார்பில் கவசம் இருந்தால் அக்குளில் குத்த வேண்டும். முட்டியில் அடித்தால் ராட்சதனும் மண்டியிடுவான். வாள் மழுங்கும், நிறுத்தித் தீட்ட வேண்டும். காயம் பட்டால் கட்டுப் போட வேண்டும், போட்டாலும் நாலு நாள் நொண்ட வேண்டும். எதிரி விழுந்ததும் திரையில் மூன்று படங்கள் வரும்: ஒரு வாள், ஒரு கயிறு, விரித்த உள்ளங்கை. பக்கத்தில் இருந்த எழுத்து இவர்களுக்குப் படிக்கத் தெரியாத பாஷை. அதனால் அக்காவும் தம்பியுமே பெயர் வைத்துக்கொண்டார்கள். கொல்லு, கட்டு, விடு.

மூன்றுக்கும் பின்விளைவு இருந்தது, அதுதான் அந்த விளையாட்டின் உயிர். கொன்றால் செத்தவனின் அண்ணன் தம்பி தேடி வருவார்கள். கட்டினால் வழி சொல்லுவான். விட்டால் பின்னாலிருந்து குத்தவும் குத்துவான், ஒரு மழை நாளில் வந்து உயிரைக் காப்பாற்றவும் செய்வான். தம்பி பட்டனை அமுக்குவான், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாள். அவனிடம் விட்டால் எல்லாரையும் கொன்றுவிடுவான். "விடுடா, விடு, விடு" என்று அவள் அவன் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பாள்.

அவனுக்குப் பதினாலு வயதிருக்கும்போது அப்பா பெல்ட்டைத் திருப்பிப் பிடித்து, கொக்கிப் பக்கத்தால் அக்காவின் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தம்பி எழுந்தான். கழன்று கிடந்த கட்டில் காலை எடுத்தான். நேரே அப்பாவின் முட்டிக்குப் பின்னால் ஒரு அடி. விளையாட்டில் ராட்சதன் மண்டியிட்டது போலவே அப்பாவும் மண்டியிட்டார். அடுத்த அடி தோளில். எலும்பு உடைகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. மூன்றாவது அடிக்கு அவன் தலையைப் பார்த்தபோது, அப்பா முதல் தடவையாக உள்ளங்கையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"விடு" என்றாள் அக்கா.

அவன் கட்டில் காலைக் கீழே போட்டான். அப்பா அதன் பிறகு சாகும் வரை நொண்டினார், யாரையும் அடிக்கவில்லை.

அன்று முதல் அந்தச் சொற்கள் வீட்டுச் சொற்களாகிவிட்டன. தெருவில் எவனாவது அக்காவைப் பார்த்து விசிலடிப்பான், தம்பி பாய்வான். அவள் "கட்டு" என்றால், அவனைக் கவிழ்த்துப் போட்டு, அவன் சட்டையாலேயே கையைக் கட்டி, மேலே ஏறி உட்கார்ந்துகொள்வான். தெருவே சிரிக்கும். "விடு" என்றால் எழுந்துவிடுவான். மூன்றாவது சொல்லை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் கூட இல்லாத ஒரு மத்தியானத்தில்தான் குடி கெட்டது. ஒரு மதுக்கடை வாசலில் வாய்த்தகராறு. எதிராளியின் தாடையை உடைத்தான், விழுந்தவனின் விலா எலும்புகளை மிதித்தே நொறுக்கினான். போதும் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. சிறைக்குப் போனான். அங்கே எவனோ கரண்டிக் காம்பைக் கூராக்கி அவன் இடது கண்ணில் இறக்கினான். ஒற்றைக் கண்ணோடு வெளியே வந்தவனிடம் நீதிபதி சொல்லி அனுப்பினார்: இனி யார் மேலாவது ஒரு அடி விழுந்தாலும் நரைத்த பிறகுதான் வெளியே வருவாய்.

கத்தியக்கா நேராக சூப்பர்வைசரிடம் போனாள். "என் தம்பிக்கு ஒரு வேலை குடுங்க சார்."

"கத்தி குடுக்க மாட்டேன்" என்றார் அவர்.

"வேணாம். தண்ணிக் குழாயக் குடுங்க. ரத்தத்தக் கழுவட்டும். அவன் கைக்கு நான் பொறுப்பு."

அப்படித்தான் அவன் உள்ளே வந்தான். வெட்டு வரிசைக்குக் கீழே குழாயைப் பிடித்து, அக்கா சிந்துகிற ரத்தத்தைச் சாக்கடைக்குத் தள்ளிக்கொண்டு நின்றான்.

வீட்டில் பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார்கள். சரிப்படவில்லை. இடது பக்கத்திலிருந்து வருகிறவன் அவனுக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை தொடங்கினாலும் முதல் காட்டிலேயே கழுத்து அறுபட்டுச் செத்தான். ஒருநாள் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்துச் சுக்குநூறாக்கிவிட்டு, அந்த உடைசலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான். வேறு வழியில்லாமல்தான் அவள் புதுப் பெட்டியும் சாம்பல் கோட்டை ஐந்தாம் பாகமும் வாங்கி வந்தாள்.

ஐந்தாம் பாகத்தைப் பற்றி என்னத்தைச் சொல்ல! எளிமையாக்குவது வேறு, மொட்டையடிப்பது வேறு. வாள் மழுங்குவதில்லை. குத்துப்பட்டால் ஒரு பாறைக்குப் பின்னால் போய் மூச்சு வாங்கினால் போதும், காயம் தானாக ஆறிவிடும். எங்கே வெட்டினாலும் வெட்டுத்தான். செத்தவனுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. கயிறு போயிற்று, உள்ளங்கை போயிற்று. ஐந்தாம் பாகம் தமிழிலேயே வந்திருந்தது, அதில் மட்டும் குறை வைக்கவில்லை. எதிரி தள்ளாடும்போது அவன் தலைக்கு மேல் சிவப்பாக ஒரே ஒரு சொல் மின்னும்: முடி. ஒரு பட்டன். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், அடுத்தவன் ரெடி.

"மழுங்காத கத்தி எந்த ஊர்லடா இருக்கு?" என்று முதல் நாளே அவள் கேட்டாள்.

"நாள் பூரா நீ அங்க சாணை பிடிக்கிற. வீட்டுக்கு வந்தும் அதையே பண்ணணுமா? எனக்கு இதுதாங்க்கா பிடிச்சிருக்கு" என்றான் அவன்.

அதுவும் நியாயம்தான். ஒற்றைக் கண்ணோடு, உடம்பு நோக வேலை செய்துவிட்டு வருகிறவன் எங்கேயாவது ஒரு இடத்தில் ஜெயிக்க வேண்டாமா? அவன் சிரித்து விளையாடுவதைப் பார்த்தாலே அவளுக்குப் போதும். இடது ஓரத்தில் மின்னும் சிவப்புச் சொல் மட்டும் அவன் கண்ணில் படாது. அதனால் அவள் பழையபடி பக்கத்தில் உட்கார்ந்தாள், அவனுடைய குருட்டுப் பக்கத்தில். அங்கே சொல் மின்னியதும் "முடி!" என்பாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அமுக்குவான். தலை உருளும். "முடிச்சுட்டேன்க்கா" என்பான். சாயங்காலம் தவறாமல் இது நடந்தது. முடி, முடி, முடிடா. இரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தலை என்று யாருக்குத் தெரியும்?

கொக்கி என்பவன் சங்கிலிக் கொக்கிகளில் மாடுகளை மாட்டுகிறவன். பெரிய உடம்பு, பெரிய வாய், மனசில் கள்ளமில்லை. பெண் குழந்தை பிறந்ததிலிருந்து போனில் அதன் படத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். இரண்டாம் பாகத்தை அவனும் கரைத்துக் குடித்தவன். அந்தத் தொழிற்சாலையில் அந்த விளையாட்டைப் பற்றிக் கத்தியக்கா வாய்விட்டுப் பேசுகிற ஆள் அவன் ஒருவன்தான். "அக்குள்ல குத்தணும், அதுதான் கை வேலை!" என்று இரண்டு பேரும் மாட்டை வைத்துக்கொண்டே செய்து காட்டுவார்கள்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கத்தியக்கா இடுப்பு பெல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். கத்திகளைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது சட்டம். சாணைக் கம்பிக்குச் சட்டம் இல்லை. அது பெல்ட்டோடு கிடந்தது. டிவியில் ஒரு விளம்பரம் வந்தது: சாம்பல் கோட்டை ஆறாம் பாகம், இனி ஒரே விரல் போதும்.

தம்பி சாப்பாட்டை விட்டு எழுந்து நின்று பார்த்தான். "அக்கா! ஆறாம் பாகம்!"

கொக்கி மேசையைத் தட்டிச் சிரித்தான். "ஒரே விரலாம்! அடுத்ததுல விரலும் வேணாம், கொட்டாவி விட்டா போதும்னுடுவான். எதிரி அவனே கழுத்த அறுத்துக்குவான்."

"உனக்குப் பிடிக்கலன்னா ஆடாத" என்றான் தம்பி.

"பிடிக்கலன்னு இல்லப்பா. மூளை இருக்கறவனுக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கான்? கொல்லு, கொல்லு, கொல்லு. ரெண்டாம் பாகத்துல யோசிக்கணும். கத்தியக்காவையே கேளு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான்.

"அவன் சொல்றது சரிதானடா. அது விளையாட்டா? சும்மா சின்னப் பிள்ளை வெட்டிப் பழகற மாதிரி" என்றாள்.

"நீயும்தான் தினம் ஆடற?"

"உனக்காக ஆடறேன்டா."

அவன் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். பேச்சை மாற்றியிருக்கலாம். அதற்குள் கொக்கி வாயை விட்டான்.

"ஒத்தைக் கண்ணனுக்கு ஒத்தைப் பட்டன்! கம்பெனிக்காரன் உனக்காகவே அளவெடுத்துத் தெச்சிருக்கான்யா!"

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. கத்தியக்காவுக்கும் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், ஆனால் சத்தம் வெளியே வந்துவிட்டது. வேறு யார் சிரித்திருந்தாலும் அவன் பொறுத்திருப்பான்.

சாணைக் கம்பி மேசையிலிருந்து எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. முதல் அடி கொக்கியின் முட்டியில் விழுந்தது. கொக்கி மேசையோடு சேர்ந்து சரிந்தான், சாப்பாட்டுத் தட்டுகள் பறந்தன. எழுந்து தலையால் தம்பியின் வயிற்றில் முட்டித் தள்ளினான். இரண்டு பேரும் சுவரில் மோதினார்கள். கொக்கியின் கை அவன் குரல்வளையைப் பிடித்தது. தம்பி கம்பியின் பிடியால் அந்த விரல்களை அடித்து உடைத்தான். பிறகு வாயில் ஒரு அடி. பற்கள் தரையில் சிதறின. பிடிக்கப் போன இரண்டு பேரில் ஒருவனுக்கு முன்கை முறிந்தது. மற்றவர்கள் பின்வாங்கி நாற்காலிகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். தினமும் மாட்டை அறுக்கிற ஆட்கள். மனிதன் அடிபடும்போது கைகால் ஓடவில்லை.

அவள் பாய்ந்தாள். கொட்டிக்கிடந்த சாப்பாட்டில் பூட்ஸ் வழுக்கி முழங்கால் அடிபட விழுந்தாள். விழுந்த இடம் தம்பியின் இடது பக்கம். அவன் கொக்கியின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கம்பியை இரண்டு கையாலும் ஓங்கியிருந்தான். முகமெல்லாம் ரத்தமாகக் கிடந்த கொக்கி, உடையாத கையைத் தூக்கினான். உள்ளங்கையை விரித்தான். அதுவும் தம்பியின் குருட்டுப் பக்கம்.

அந்த உள்ளங்கையை அந்த அறையில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பின்னறையும் அப்பாவின் கையும் கட்டில் காலும் அவள் கண்ணுக்குள் வந்து போயின. அதற்குரிய சொல் எது என்று அவளுக்குத் தெரியும். போதும், சண்டையை நிறுத்து என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். உயிரைக் கொடுத்துக் கத்தினாள். வாய்க்குப் பழகிய சொல் வந்தது.

"முடிடா!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பி இறங்கியது. மாட்டின் நெற்றியில் விழுகிற அடியின் சத்தம் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தம்தான் கேட்டது. விரித்த கை தரையில் விழுந்தது.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல கண்ணால் அவளைத் தேடித் திரும்பினான். "முடிச்சுட்டேன்க்கா" என்றான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கொக்கி இறந்துவிட்டான். சாயங்காலம் அவன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். கத்தியக்கா பின்வாசல் வழியாகப் போகவில்லை. முன்வாசல் வழியாகவே போய் அவளுக்கு எதிரே நின்றாள். அந்தப் பெண் ஓங்கி அறைந்தாள், முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி மிதித்தாள். கத்தியக்கா கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. காவலாளிகள்தான் வந்து பிரித்தார்கள்.

போலீஸ் அதிகாரி கேட்டார். "நீங்க முடின்னு கத்தினீங்களாமே? கேன்டீன்ல அத்தனை பேரும் சொல்றாங்க. அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"சண்டைய முடின்னு அர்த்தம் சார்."

"பாதிப் பேரு, ஆள முடின்னு நெனச்சதா சொல்றாங்களே?"

ஐந்தாம் பாகத்தைப் பற்றி அந்த மேசையில் எங்கிருந்து தொடங்குவது?

தம்பியின் வக்கீல் மட்டும் பொறுமையாக முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைக் கோர்ட்ல சொல்லணும்மா. தினம் உங்க குரலுக்குப் பழகின கை அது, உங்க குரலுக்குத்தான் இறங்குச்சு. வேணும்னே பண்ணதில்லன்னு நான் வாதாடலாம். தண்டனை பாதியாக் கொறையும். ஆனா உங்க தம்பியும் அதையே சொல்லணும். அவரு, அக்கா குரலே காதுல விழலன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

சிறையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நடுவில் சின்னச் சின்னத் துளைகள். அவன் தலையை மொட்டையடித்திருந்தார்கள்.

"ஏன்டா பொய் சொன்ன?" என்றாள்.

"இந்தப் பக்கம் கண்ணு மட்டுமில்ல, காதும் கேக்காதுன்னு சொல்லிட்டேன்க்கா. டாக்டர் வந்து காதுகிட்ட சத்தம் போட்டுப் பாத்தாரு. நான் அசையவே இல்ல." அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நான் சொல்லப்போறேன். என் வாயால வந்த சொல்லுக்குத்தான் நீ அடிச்சேன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லப்போறேன். நான் சிரிச்சதையும் சொல்லப்போறேன்."

"சொன்னா உன்னையும் உள்ள போடுவாங்க."

"போடட்டும். அந்த வார்த்தை என் வாயில எப்படிடா வந்துச்சு? எனக்கு அது தெரியணும். அவன் கையக் காமிச்சான்டா. விரிச்சுக் காமிச்சான். நீ பாக்கல, நான் பாத்தேன்."

கொக்கி கையைக் காட்டியது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒற்றைக் கண் நிறைந்து, வழிந்து, தாடை வரை இறங்கியது. துடைத்துக்கொள்ளாமலே கண்ணாடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

"விடுக்கா" என்றான்.

அவள் சொன்னபோதெல்லாம் அவன் கேட்ட சொல் அது. அவன் சொல்லி அவளால் கேட்க முடியவில்லை. எழுந்து நேரே வக்கீல் அலுவலகத்துக்குப் போனாள்.